களவு போனது, மீட்டது

ஜனவரி பிறந்தால் எங்கள் செக்‌ஷனில் லீவு கேட்க எவருக்கும் வாய் வராது. வருடாந்தரப் புள்ளிவிவரம் மேலே போக வேண்டிய மாதம் அது. ஸ்டேஷன் ஸ்டேஷனாக ரிட்டன் வரும். வராத இடத்துக்கு ரிமைண்டர் போகும். ரிமைண்டருக்கும் அசையாத ரைட்டரைப் போனில் பிடித்து, "அண்ணே, ஒண்ணும் இல்லன்னா நில்லுன்னாவது எழுதி அனுப்புங்க, கட்டத்தக் காலியா விடாதீங்க" என்று கெஞ்ச வேண்டும். நான் காக்கி போட்டவள் இல்லை. போலீஸ் இலாகாவில் அமைச்சுப் பணியாளர் என்று ஒரு கூட்டம் உண்டு. அதில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்து சூப்பரின்டென்டென்டாக ரிட்டயரானவள். காக்கி போட்டவர் அப்பா. மயிலாப்பூரில் ஏட்டு.

அந்த ரிட்டனில் எத்தனையோ கட்டங்கள். ஆனால் அதிகாரிகளின் கண் முதலில் போய் நிற்பது இரண்டில்தான்: களவு போன சொத்தின் மதிப்பு, மீட்கப்பட்ட சொத்தின் மதிப்பு. பக்கத்திலேயே சதவீதம். போன வருஷத்தைவிட அது அரைப் புள்ளி கூடியிருந்தால் காபி வரும்; குறைந்திருந்தால் மெமோ வரும். ரிட்டயரான பிறகு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் போய் உட்கார்ந்து, சென்னை மாகாணப் போலீஸ் நிர்வாக அறிக்கைகளைப் புரட்ட ஆரம்பித்தேன். வெள்ளைக்காரன் காலத்து அறிக்கை. அதிலும் அதே இரண்டு கட்டங்கள். தாள் பழுப்பேறி, தொட்டால் ஓரம் உதிர்கிறது. கேள்வி அப்படியே இருக்கிறது.

அது எங்கிருந்து வந்தது என்று பின்னால் போனால் பெத்த நாயக்கனில் போய் முட்டுகிறது. ஜார்ஜ் டவுனில் பெத்தநாயக்கன்பேட்டை என்று இன்றும் சொல்கிறோமே, அந்த ஆள். 1659ஆம் ஆண்டு வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கறுப்பர் பட்டணத்தைக் காவல் காக்கும் பொறுப்பை அவரிடம் விட்டார்கள். அவர் தம் தலையாரிகளை வைத்துக்கொண்டு இரவில் ரோந்து வர வேண்டும். அதற்குக் கூலியாகக் கொஞ்சம் நஞ்சை நிலம். ஊருக்குள் வரும் நெல், மீன், எண்ணெய், வெற்றிலை பாக்கு மீது சில்லறை வரி. பரம்பரை உத்தியோகம். இதில் ஒரு நிபந்தனை இருந்தது. களவு போன பொருளைக் கண்டுபிடித்துத் தர முடியவில்லை என்றால் அவரே தம் கையிலிருந்து ஈடு கட்ட வேண்டும்.

என் சர்வீஸ் முழுக்க எந்த ரைட்டரிடம் இதைச் சொல்லியிருந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்து ஓடியிருப்பார். ஈடு கட்டுவது எல்லா வருஷமும் ஒழுங்காக நடந்தது என்று நான் சொல்லவில்லை. கம்பெனிப் பதிவேடுகளில் பெத்த நாயக்கன் வம்சத்தோடு நடந்த தகராறுகளும் இருக்கின்றன. ஆனால் கணக்கு யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதில் அந்த ஏற்பாட்டில் குழப்பம் இல்லை. சொத்தைப் பறிகொடுத்தவனுக்குச் சொல்ல வேண்டும். 1806இல் அந்தப் பதவியை ஒழித்துவிட்டுச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் போலீஸை வைத்தார்கள். அன்றைக்கே ஈடு கட்டும் பொறுப்பும் ஒழிந்தது. மிஞ்சியவை இந்த இரண்டு கட்டங்கள். கணக்கு இனிமேல் மேலதிகாரிக்கு.

இடையில் போலீஸ் என்று எதையெல்லாம் நினைத்தார்கள் என்பது வேடிக்கை. 1770இல் போலீஸ் போர்டு என்று ஒன்று வைத்தார்கள். 1780இல் சூப்பரின்டென்டென்ட் பதவி வந்தது. அவருக்குக் கொலை கொள்ளையைவிட முக்கியமான வேலை, கடைத்தெருவில் அரிசி பருப்பு விலையைக் கட்டுக்குள் வைப்பது. கொத்தவால் என்ற சந்தை அதிகாரிக்கும் அதே வேலை. கோயம்பேடு வரும்வரை ஊருக்கே காய்கறி அளந்த கொத்தவால் சாவடி அந்தப் பேரைத்தான் தாங்கி நின்றது. 1782இல் ஸ்டீபன் போஃபம் என்ற வக்கீல், பிராட்வேயை உண்டாக்கியவர், ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். தெருவுக்குப் பெயர் வைப்பது, விளக்குப் போடுவது, சாக்கடையைச் சுத்தமாக வைப்பது, பிறப்பு இறப்புப் பதிவது, சாராயக் கடைக்கு லைசென்ஸ் கொடுப்பது எல்லாம் அதில் போலீஸ் வேலையாக வருகின்றன. இன்றைக்கு மாநகராட்சியும் டாஸ்மாக்கும் செய்வதை ஒரே ஆள் செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறார்.

இனி எங்கள் பக்கத்து ஆளுக்கு வருகிறேன். பெசன்ட் நகரில் சுண்டலும் சோளமும் வாங்கித் தின்கிற பிள்ளைகளிடம் எலியட்ஸ் பீச்சில் எலியட் யார் என்று கேட்டுப் பாருங்கள், தெரியாது. எட்வர்ட் பிரான்சிஸ் எலியட். சென்னை நகரத்தின் தலைமை மாஜிஸ்திரேட், போலீஸ் சூப்பரின்டென்டென்ட். கவர்னராக இருந்த ஹியூ எலியட்டின் மகன். மயிலாப்பூரிலிருந்து கடற்கரைக்குப் போகும் ராதாகிருஷ்ணன் சாலைக்கும் முன்பு எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்றுதான் பெயர். அப்பா கடைசிவரை 'எலியட்ஸ் ரோடு பந்தோபஸ்து' என்றே சொல்வார். அந்தச் சாலையில் குடியிருந்த ராதாகிருஷ்ணனின் பெயரை அதற்கு வைத்தது சரிதான். எனக்குக் குறை இல்லை. ஆனால் எலியட்டை மறந்ததில் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஒரு போலீஸ் அதிகாரி தன் இலாகாவைப் பற்றித் தானே எழுதிய மிகக் கசப்பான அறிக்கையில் முதல் கையெழுத்து அவருடையது.

கதை இப்படி. 1852இல் கஜுல லட்சுமிநரசு செட்டி சென்னைவாசிகள் சங்கத்தைத் தொடங்கி, கம்பெனி ஆட்சியின் அநியாயங்களை லண்டன் பாராளுமன்றத்துக்கு மனுவாக அனுப்பினார். வரி வசூலிக்க ஜனங்களை அடித்து வதைக்கிறார்கள் என்ற புகார் அங்கே விவாதமாகி, 1854இல் விசாரணைக் குழு போட்டார்கள். எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்று மூன்று பேர். மனு கொடுக்க மாகாணத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் குடியானவர்கள் வந்தார்கள். சிலர் நாள்கணக்கில் நடந்து வந்தார்கள். 1855இல் அறிக்கை வெளிவந்தது.

அதில் வருகிற சித்திரவதைகளைப் படிக்கத் தைரியம் வேண்டும். விரலைக் கிட்டியில் வைத்து நெருக்குவது. அண்ணாந்தாள் போடுவது, அதாவது கழுத்தைக் காலோடு கயிற்றால் இழுத்துக் கட்டி, குனிந்த வாக்கில் வெயிலில் நிறுத்துவது. முதுகில் கல் ஏற்றுவதும் உண்டு. மாட்டுக்குப் போடுகிற கட்டை மனிதனுக்குப் போட்டிருக்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்து கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்த அறிக்கையை எடுத்து வைத்து எழுதினார். காரணத்தையும் குழு சரியாகப் பிடித்தது. 1816 முதல் ஊர்ப்புறங்களில் வரி வசூலும் போலீஸும் ஒரே தாசில்தார் கையில் இருந்தன. வரி கட்டாதவனைப் பிடிப்பவனும், திருடனைப் பிடிப்பவனும், அடிப்பவனும் ஒரே சேவகன். அவன் மேல் புகார் சொல்ல வேண்டுமென்றால் அதே தாசில்தாரிடம்தான் போக வேண்டும்.

தமிழ்நாடு போலீஸ் பிறந்தது இந்த வெட்கத்திலிருந்து. சென்னை நகரத்துக்கு 1856இல் புதுச் சட்டமும் முதல் கமிஷனராக போல்டர்சனும் வந்தார்கள். மாகாணத்துக்கு 1859இன் 24ஆவது சட்டம். வருவாயிலிருந்து பிரித்த தனிப் போலீஸ். தலைவர் வில்லியம் ராபின்சன். அயர்லாந்துப் போலீஸை மாதிரியாக வைத்துக் கட்டினார்கள். மக்களோடு ஒட்டாமல், ஆயுதத்தோடு, மேலிருந்து வரும் உத்தரவுக்கு மட்டும் கட்டுப்படுகிற மாதிரி அது. சித்திரவதையை ஒழிக்க வந்த சட்டம் இந்த அச்சில் வார்க்கப்பட்டதுதான் பின்னால் நடந்த பாதிக்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம். ஆங்கிலேயன் லண்டனில் ஒரு போலீஸ் வைத்திருந்தான். அதை நமக்குத் தரவில்லை.

ராபின்சனின் ஆபீஸுக்கு இடம் பார்த்தார்கள். மெரினாவில், எலியட்ஸ் ரோடு கடலைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில், 1839இல் ஃப்ரீமேசன்கள் தங்கள் சபைக்காகக் கட்டிய தூண் வைத்த வெள்ளைக் கட்டடம் இருந்தது. 1865இல் மாதம் 90 ரூபாய் வாடகைக்குப் பிடித்தார்கள். 1874இல் 20,000 ரூபாய்க்கு வாங்கியே விட்டார்கள். இன்றைய டி.ஜி.பி. ஆபீஸ் அதுதான். 1990களில் அதை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போனபோது பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பினர் கோர்ட்டுக்குப் போய் நிறுத்தினார்கள். பழைய சுவருக்குள்ளேயே செப்பனிட்டு, இப்போதும் ஃபைல் நகர்கிறது. வருஷா வருஷம் அக்டோபர் 21 அன்று, 1959இல் லடாக்கில் செத்த போலீஸ்காரர்களின் நினைவு நாளில், அந்த வளாகத்து நினைவுத் தூணுக்கு மலர்வளையம் வைப்பார்கள். பியூகிள் சத்தம் கடற்கரை ரோட்டு பஸ்ஸில் போகிறவர்களுக்கும் கேட்கும்.

அந்தக் கட்டடத்திலிருந்து வருஷம் தவறாமல் போன அறிக்கைகளைத்தான் நான் எழும்பூரில் படித்தேன். சுவாரசியம் இல்லாமல் இல்லை. கான்ஸ்டபிள்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர், காய்ச்சலில் படுத்தவர் எத்தனை, ராஜினாமா எத்தனை, டிஸ்மிஸ் எத்தனை என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. கேடிகள் எத்தனை பேர், அவர்களில் காணாமல் போனவர் எத்தனை பேர் என்பதற்கும் கணக்கு. 1911க்குப் பிறகு குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட சாதிகளில் எத்தனை பேரைப் பதிந்தோம், எத்தனை பேர் கைரேகை வைத்தார்கள் என்பது முன்னேற்றமாகவே எழுதப்பட்டிருக்கிறது. அந்த எண்ணிக்கையின் பின்னால்தான் 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில், பதிய மறுத்தவர்கள் மீது போலீஸ் துப்பாக்கி வெடித்தது. 1947இல் சென்னை மாகாணம் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எடுத்தெறிந்தது. அத்தனை வருஷ எண்களும் பைண்டு செய்து அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. 1919இல் பராங்குசம் நாயுடு நகரத்தின் முதல் இந்தியக் கமிஷனரானார். அறிக்கையின் கட்டங்கள் அதற்காக மாறவில்லை.

அப்பா வேலை பார்த்ததில் பெரும்பகுதிக்கு எந்தக் கட்டமும் கிடையாது. நாங்கள் போலீஸ் லைனில் குடியிருந்தோம். கஞ்சி போட்டு மடித்த அரை நிக்கர், காலில் சுற்றுகிற பட்டி, தலையில் அந்த உயரத் தொப்பி; பக்கிளை பிராஸோ போட்டுத் தேய்ப்பது எங்கள் வேலை. அம்மாவை எல்லோரும் ஏட்டம்மா என்பார்கள். புருஷன் அடித்துவிட்டான் என்று குப்பத்திலிருந்து வருகிற பெண்கள் ஸ்டேஷன் படி ஏற பயந்து, எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். "ஏட்டம்மா, அய்யா காதுல ஒரு வார்த்த போடுங்கம்மா." அம்மா மோர் கொடுத்து உட்கார வைப்பாள். அப்பா சாயங்காலம் அந்த ஆளைக் கூப்பிட்டு மிரட்டுவார். ஒரு வாரத்துக்கு அடி நிற்கும். எஃப்.ஐ.ஆர். இல்லை, ஸ்டேஷன் ஜெனரல் டைரியில் ஒரு வரி இல்லை. அந்த வருஷம் அந்த எல்லையில் அப்படி ஒரு குற்றமே நடக்கவில்லை என்றுதான் கணக்குச் சொல்லும்.

பங்குனி மாதம் அறுபத்துமூவர் அன்று அப்பாவை வீட்டில் பார்க்க முடியாது. மாட வீதி நாலிலும் தலை தலையாக ஜனம். தண்ணீர்ப் பந்தலில் பானகம் குடித்துவிட்டு அம்மா கையை விட்ட பிள்ளைகளைக் கொண்டுவந்து போலீஸ் பந்தலில் பெஞ்சில் வரிசையாக உட்கார வைப்பார்கள். மைக்கில் சட்டை நிறத்தைச் சொல்லிச் சொல்லி அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிடும். கடைசிப் பிள்ளையின் தாய் வரும்வரை பாரா மாற்ற மாட்டார். அறுத்த செயினுக்குக் கட்டம் உண்டு, தொலைந்து கிடைத்த பிள்ளைக்குக் கிடையாது. தி.நகரில் தீபாவளிக் கூட்டத்தில் இப்போது குழந்தைகளின் கையில் பெற்றோர் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்கள், ரங்கநாதன் தெருவில் உயரக் கோபுரம் போட்டு மைக்கில் பேசுகிறார்கள், 2017இல் முகத்தைப் பார்த்துப் பழைய குற்றவாளியை அடையாளம் காட்டும் செயலியையும் அங்கேதான் சோதித்தார்கள். அப்பா இருந்திருந்தால் பட்டையை மெச்சியிருப்பார். செயலியைப் பற்றி எனக்கே சந்தேகம்தான். கேடி லிஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்த காலத்தின் வாடை அதில் அடிக்கிறது.

அதே தி.நகரில், பாண்டி பஜாரில், 1982 மே 19 அன்று ஈழப் போராளித் தலைவர்கள் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் துப்பாக்கியால் மோதிக்கொண்டார்கள். போலீஸ் பிடித்து, பிறகு ஜாமீனில் விட்டது. இலங்கைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த நாளில் நின்று போகிறார்கள். வருஷக் கணக்கில் அதுவும் ஓர் எண்ணாகத்தான் ஏறியிருக்கும்.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கணக்கின் குணமே அங்கேதான் மாறியது. 1973இல் தமிழ்நாடு போலீஸில் பெண்களை எடுத்தார்கள். ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, 20 கான்ஸ்டபிள். லைனில் ஆண்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை, "இனிமே நம்ம வாசலுக்கு வர்ற பொம்பளைங்க அங்க போகட்டும்" என்றார். அவர் நினைத்தது நடக்க 1992 ஆயிற்று. அந்த வருஷம் ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தார்கள். மாநிலத்தில் முதலாவது. பிறகு ஊர் ஊராக வந்தன. 2006இல் லத்திகா சரண் நகரக் கமிஷனரானார், 2010இல் டி.ஜி.பி.யும் ஆனார்.

மகளிர் ஸ்டேஷன்கள் வந்ததும் ரிட்டனில் பெண்கள் மீதான குற்றங்களின் எண்ணிக்கை ஏற ஆரம்பித்தது. பத்திரிகைக்காரர்கள் அலறினார்கள். சில அதிகாரிகளும் முகத்தைச் சுளித்தார்கள். உள்ளே இருந்து பார்த்த எங்களுக்கு விஷயம் வேறு. ஏட்டம்மா வாசலில் மோர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனவர்களின் மகள்கள்தான் அந்த எண்ணிக்கை. அடி கூடவில்லை, கட்டம் கிடைத்தது. 1977இல் தர்மவீரா தலைமையில் போட்ட தேசியப் போலீஸ் கமிஷனும் இதைத்தான் வேறு விதமாகச் சொன்னது. குற்ற எண்ணிக்கையை வைத்து அதிகாரியை எடைபோட்டால் ஸ்டேஷனில் கேஸ் பதியாமல் அமுக்கப் பார்ப்பார்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில், புகாரில் வாரன்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்த பிறகும் அரைப் புள்ளி சதவீதத்துக்குக் காபியும் மெமோவும் நின்றுவிடவில்லை.

கட்டமே போடப்படாத இன்னொன்று, ஆர்டர்லி. அதிகாரி வீட்டு நாயைக் குளிப்பாட்டுவதற்கும் பிள்ளையை ஸ்கூலில் விடுவதற்கும் கான்ஸ்டபிளை வைப்பது. 1979இல் அரசாணை போட்டு ஒழித்ததாகச் சொன்னார்கள். 2022இல் உயர் நீதிமன்றம், ஏன் இன்னும் ஒழியவில்லை என்று கேட்டது. இடைப்பட்ட காலமெல்லாம் அந்தக் கான்ஸ்டபிள்கள் எங்கள் பலக் கணக்கில் ஸ்டேஷன் டூட்டியில் இருப்பதாகத்தான் நிற்பார்கள். வாரம் ஒரு நாள் லீவு என்று கான்ஸ்டபிளுக்கு ஆணை வந்தது 2021இல். 1859இலிருந்து எண்ணிப் பாருங்கள். பாரா, கோர்ட் டூட்டி, பந்தோபஸ்து என்று தூங்காத ஆளிடம் மரியாதையை எதிர்பார்த்த அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆனால் அந்தக் கோபத்தை வைத்து எல்லாவற்றையும் மன்னிக்க முடியாது. 2017 ஜனவரி 23 அன்று ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் உட்கார்ந்த பிள்ளைகளைக் கலைத்த நாளில், டி.ஜி.பி. ஆபீஸிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் நடுக்குப்பம் மீன் மார்க்கெட் எரிந்தது. ஐஸ் ஹவுஸ் ஸ்டேஷனுக்கும் தீ வைத்தார்கள். போலீஸ்காரர்களே தீ வைப்பதாகப் படங்கள் டி.வி.யில் ஓடின, நீதிபதி ராஜேஸ்வரன் கமிஷன் உட்கார்ந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தகப்பனையும் மகனையும் ஸ்டேஷனில் அடித்ததில் இருவரும் செத்தார்கள். எலியட் குழு 1855இல் எழுதியதை அந்த வாரம் மறுபடி எடுத்துப் படித்தேன். கிட்டி இல்லை, லத்தி. புகார் சொல்ல முதலில் போக வேண்டியது இன்னமும் அதே இலாகாவிடம்தான்.

இப்போது வருஷ அறிக்கை சட்டசபையில் காவல்துறை மானியக் கோரிக்கையின்போது கொள்கை விளக்கக் குறிப்பாக வருகிறது. தமிழிலும் கிடைக்கிறது; யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நான் வருஷா வருஷம் படிக்கிறேன், பழைய பழக்கம். காவல் உதவி செயலி, காமிரா, சைபர் குற்றம் என்று புதுக் கட்டங்கள். சைபர் பிரிவில் 1930க்கு உடனே போன் செய்தால் பறிபோன பணத்தை வங்கியிலேயே முடக்கப் பார்ப்பார்கள் என்பது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. அங்கேயும் பார்த்தேன்: இழந்த தொகை, முடக்கிய தொகை, திருப்பிக் கொடுத்த தொகை. மூன்றாவது கட்டம் பழைய அறிக்கைகளில் இல்லாதது. பறிகொடுத்தவன் கைக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்கிற கட்டம் அது.

போன மாதம் எங்கள் ஃபிளாட்டில் மாடி வீட்டு மாமாவுக்குப் பென்ஷன் பணம் போய்விட்டது. ஆதார் அப்டேட் என்று ஒருத்தன் போன் செய்து, மாமா ஓ.டி.பி. சொல்லி, போயே போய்விட்டது. 1930க்குப் போட்டுக் கொடுத்தேன்; பிறகு ஸ்டேஷனுக்குப் போய் மனுவும் கொடுத்துவிட்டு வந்தார். "எல்லாம் நல்லா பேசினாம்மா. பாத்துக்கறோம்னா." ரசீது எங்கே என்றேன். ரசீதா என்றார். மறுநாள் நானே கூட்டிக்கொண்டு போனேன். ரைட்டர் சின்னப் பையன், என் பேத்தி வயசு. சி.எஸ்.ஆர். ரசீது போட்டுக் கொடுங்கள் தம்பி என்றதும் ஒரு பார்வை பார்த்தான். நான் எந்தச் செக்‌ஷனில் இருந்தேன் என்று சொன்னதும் சிரித்துக்கொண்டே சிஸ்டத்தைத் தட்டினான். மாமா அதை மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனார். வைக்க வேண்டாம், நம்பர், தேதி, கையெழுத்து மூன்றும் சரியாக இருக்கிறதா என்று இங்கேயே பார்த்துவிடுங்கள் என்றேன். தேதி தப்பாக இருந்தது. திருத்தி வாங்கிக்கொண்டு வந்தோம்.